செல்வியின் குளிர்ச்சட்டை

கோவில்பட்டி
6 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய சம்பந்தி அய்யாத்துரை அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே வீட்டில் ரேணுகாதேவிக்கு மூட்டுவலி. எனக்குக் கல்லூரியில் விடைத்தாள் வேலை. ஊரில் இன்னும் உருப்படியாக ஒரு மழை இல்லை. உளுந்து விதைத்தவர்கள் எல்லாம் மண்ணில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். என் மகள் மட்டும் வானத்திலிருந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "மருமவளுக்குக் குளிர்ச்சட்டைதான, நம்ம யூனிட்லயே தைச்சிரலாம் சம்பந்தி" என்று சொன்னீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. பேச்சில் சொல்லும் அளவு காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் இந்த விளையாட்டைச் செல்வி தொடங்கியபோது நாங்கள் வேண்டாம் என்றதும், அவள் கேட்காததும் நீங்கள் அறிந்ததே. இயற்பியல் நடத்துகிறவனுக்குப் பிறந்தவள் புவியீர்ப்பை நேரில் பார்க்கப் போயிருக்கிறாள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கோடையோடு நிறுத்திவிடுவாள் என்றும் நினைத்தேன். அவளும் மாப்பிள்ளையும் இருக்கும் ஸ்வீடனில் பனிக்காலத்திலும் குதிக்கிறார்களாம்.

விமானம் நான்கு கிலோமீட்டர் உயரம் ஏறுகிறது. தரையிலேயே தண்ணீர் உறைந்து கிடக்கும் காலத்தில், மேலே அதைவிடவும் இருபத்தைந்து டிகிரி குறைவாக இருக்கும். விழும்போது அடிக்கும் காற்றின் வேகம் நம் விரைவு ரயிலைப் போல இரண்டு மடங்கு. உடலை ஒட்டிய உள்ளாடை கம்பளி நூலில் இருக்க வேண்டும்; பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, மேலே போனதும் உடம்போடு சேர்ந்து குளிர்ந்துவிடும். கரிசல் காட்டில் உட்கார்ந்துகொண்டு பருத்தி ஆகாது என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கழுத்துத்துணியின் நுனி வெளியே தெரியக் கூடாது. கையுறை சூடு தர வேண்டும். விரல் கைப்பிடியை உணரும்படி மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டாள். மேற்சட்டை ஒன்றுதான் அமையவில்லை. கடைச் சட்டைகள் தோளுக்குப் பொருந்தினால் நீளம் மிஞ்சுகின்றன.

இந்த நீளத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பாராசூட்டை விரிக்கும் கைப்பிடி, முதுகுப்பையின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது. கை தடவி எடுக்க வேண்டும். ஆகவே சட்டை இடுப்பெலும்போடு முடிந்து, அடி விளிம்பு இறுகப் பிடிக்க வேண்டும். ஒரு விரல்கடைத் துணிகூட அதற்குக் கீழே தொங்கக் கூடாது. அவளே எழுதிய அளவை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தப் பத்தியைத் தங்கள் கட்டிங் மாஸ்டர் கிட்டுவிடம் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுந்தரபாண்டியன்


புதியம்புத்தூர்
3 நவம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு அய்யாத்துரை எழுதுதேன்.

இங்கன எல்லாரும் நல்லா இருக்கோம். தீபாவளி உருப்படியெல்லாம் போய்ச் சேந்து இப்பதான் மூச்சு விடுதேன். நைட்டி, பாவாடை, பிள்ளைகளுக்குக் கவுன்னு மூணு மாசமா மிசின் சத்தம் காதுலயே நிக்கி. அதான் பதில் பிந்திட்டு, தப்பா நெனைக்காதீங்க.

உங்க கடுதாசிய கிட்டு மாஸ்டருக்கு வாசிச்சுக் காட்டுனேன். முழுக்கக் கேட்டுட்டு, "அண்ணாச்சி, நம்ம ஊர்ல மேல இருந்து குதிக்கதுன்னா கெணத்துலதான் குதிப்பாவ, அதுக்கு அரை டவுசர் போதும்"ங்கான். தைக்கிற பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. ஒருத்தி கேக்கா, "அக்கா கீழ வரும்போது நம்ம யூனிட் பேரு தெரியுத மாதிரி முதுகுல போட்டுருவமா?"ன்னு. வேலை மட்டும் சுத்தம் சம்பந்தி. துணி ஏற்றுமதிச் சரக்குல மிஞ்சுனது. உள்ள மெத்துன்னு இருக்கும், வெளிய இருந்து ஒரு பொட்டுக் காத்து நுழையாது. மீனாட்சி போட்டுப் பாத்தா. ரெண்டே நிமிசத்துல வேர்த்து வடிஞ்சு, "ஏங்க, இதுக்குள்ள நெல்லு அவிக்கலாம்"னுட்டா.

ஒரு சங்கதி மனசுல இருக்கு, சொல்லிருதேன். அந்த ஊர்ப் பிள்ளைகளோட ஒட்டுன உடுப்புல மருமவ நிக்குத படத்தை எம் மவன் பாலகணேஷ் அனுப்பியிருந்தான். மீனாட்சி பாத்துட்டு போனைக் கவுத்தி வச்சிட்டா. அவ யாரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டா, கவுத்தித்தான் வைப்பா. கல்யாணம் முடிஞ்சு மூணு வருசம் ஆவுது, மடியில ஒண்ணைப் போட்டுக் கொஞ்சணும்னு அவளுக்கும் இருக்கும்லா. நான்தான் சமாதானம் சொன்னேன். ஊருக்குத் தக்கன உடுப்பு போடுதா, போட்டுட்டுப் போறா, நம்ம கையால தைக்கையில நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தக்கன தைப்போம்னு.

சட்டை முடிஞ்சுட்டு. விளாத்திகுளத்துப் பையன் ஒருத்தன் அந்த ஊருக்கு வேலைக்குப் போறான், அவன் கையில கொடுத்துவிட்டாச்சு. நீங்க கவலைப்படாதீங்க. எம் பிள்ளைக்குத் தைச்ச மாதிரி தைச்சிருக்கு.

இப்படிக்கு,
அய்யாத்துரை


கோவில்பட்டி
21 ஏப்ரல் 2025

சம்பந்தி அய்யாத்துரை அவர்களுக்கு,

முந்தாநாள் ஸ்வீடனிலிருந்து திரும்பினேன். ரேணுகாதேவி மகளோடு மருத்துவமனையில் இருக்கிறாள். பிப்ரவரியில் நடந்ததைப் பற்றி, பாராசூட் நேரத்தில் விரியவில்லை, முதுகெலும்பு முறிந்தது என்ற அளவே உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். தொலைபேசியில் சொல்லாததற்குக் காரணம், உங்கள் குரலைக் கேட்க நான் விரும்பவில்லை.

அவளுடைய உடைமைகளை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். கத்தரியால் வெட்டிக் கழற்றிய சட்டை அதில் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் அதை விரித்து வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் அவள் எழுதிய அளவில் இருந்தது. பின்பக்கம் நான்கு அங்குலம் இறங்கியிருந்தது. கை தவறிய வெட்டு என்று சொல்ல இடமில்லை. வளைவு கொடுத்து, மடித்து, இரட்டைத் தையல் ஓட்டி, மிகுந்த அக்கறையோடு விடப்பட்ட இறக்கம். நம் வீட்டுப் பெண்களின் மேலுடையில் பின்பக்கம் மறைவதற்காக விடுவார்களே, அதே இறக்கம்.

செல்வியிடம் கேட்டேன். "மாமா ஆசையாத் தைச்சு அனுப்புனது யப்பா. வெட்ட மனசு வரலை. பட்டைக்குள்ள செருகிக்கிட்டுப் போட்டேன். மொத ரெண்டு தடவை நின்னுச்சு" என்றாள்.

மூன்றாம் தடவை நிற்கவில்லை. குப்புற விழுகிறவருக்குக் காற்று கீழிருந்து மேலாக அடிக்கும். செருகியது பிடுங்கிக்கொண்டு, அந்த நான்கு அங்குலமும் மேலே மடங்கிப் பையின் அடியை மூடிக்கொண்டது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் அவள் கைக்குத் துணி அகப்பட்டது. மறுபடியும் தடவினாள், மறுபடியும் துணி. அந்தக் குளிரில் விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. மார்பிலுள்ள, மாற்றுப் பாராசூட்டின் கைப்பிடிக்குக் கையை மாற்றுவதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது. தானாக இயங்கும் கருவி ஒன்று அந்தப் பாராசூட்டை மிகத் தாழ்வில் விரித்தது. அவள் உயிரோடு இருப்பது அதனால். உழுது உறைந்து கிடந்த வயலில் விழுந்தாள். உறைந்த மண்ணாங்கட்டி எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் தெரியாது. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன், கல். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது.

விசாரித்தவர்களிடம் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? சட்டையின் அளவைத் தானே தவறாக எழுதி அனுப்பியதாகச் சொன்னாள். கணவரிடமும் அதையே சொன்னாள். அவரிடம் நான் உண்மையைச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த நிலையில் கிடப்பவளிடம் மறுக்க எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகன் மருத்துவமனை நடையில் என்னிடம் சொன்னது இது: "வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன் மாமா, கேக்கலை. அளவையும் தப்பா எழுதியிருக்கா. எல்லாம் அவளா இழுத்துக்கிட்டது. இதுக்கு நான் எப்படி ஆயுசுக்கும் பொறுப்பாக முடியும்?" முதலில் தினமும் வந்தார். பிறகு வாரம் ஒருமுறை. நான் புறப்பட்ட வாரத்தில் வரவில்லை.

போன மாதம் விளாத்திகுளத்துக் கல்யாண வீட்டில் நீங்கள் பேசியதும் என் காதுக்கு வந்தது. "ஆடுத காலு ஒருநாள் நிக்கத்தான செய்யும்" என்றீர்களாம். பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் சொன்னார்.

நான் கேட்பது ஒன்றே. பாலகணேஷிடம் நான் சொல்ல மாட்டேன் என்பதுதான் நான் கொடுத்த வாக்கு. உங்கள் வாயைக் கட்ட யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அளவு சரியாகவே வந்தது, அதை மாற்றியவன் நான் என்று உங்கள் மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டும். பழி அவளுடையது அல்ல என்று தெரிந்தால், அவளை விட்டுப்போக அவர் துணிய மாட்டார் என்று கருதுகிறேன்.

சுந்தரபாண்டியன்


புதியம்புத்தூர்
2 மே 2025

சம்பந்தி,

உங்க கடுதாசி வந்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை. அதை உங்ககிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்லை, தெரியும்.

ஆமா, நான்தான் இறக்கச் சொன்னேன். கிட்டு கேக்கத்தான் செஞ்சான், "அளவுல இப்படி இல்லையே அண்ணாச்சி"ன்னு. முன்பக்கம் அவ சொன்ன மாதிரி வையி, பின்பக்கம் நான் சொல்லுத மாதிரி வையின்னேன். இத்தனை வருசத்துல பொம்பளைப் பிள்ளைக்குப் பின்னால இறக்கம் விடாம ஒரு உருப்படி எங்க யூனிட்ல இருந்து வெளிய போனதில்லை. நீங்க கைப்பிடி, பைன்னு எழுதியிருந்தீங்க. வாசிக்கத்தான் செஞ்சேன். நாலு இஞ்சு என்ன செஞ்சிரப் போவுதுன்னு நெனச்சேன். துணிதான சம்பந்தி. துணி ஆளை முறிச்சுப் போடும்னு எனக்கு எப்படித் தெரியும்?

கல்யாண வீட்டுல நான் சொன்னதும் நெசம்தான். நாலு பேரு நாலு கேள்வி கேட்டாவ, வாயில வந்துட்டு. அப்ப எனக்கு இந்தச் சட்டை விசயம் தெரியாது. உங்க மேல ஆணை, தெரியாது.

பாலகணேஷ்கிட்ட சொல்லச் சொல்லுதீங்க. எனக்கு இருக்கது அவன் ஒருத்தன். சொன்னா எம் மூஞ்சில முழிப்பானா? அவுக அம்மைகிட்டப் பேசுவானா? மருமவளே அந்தப் பேச்சு வேண்டாம்னு மூடிட்டா. எங்க மேல எரக்கப்பட்டு அவ மூடுனதை நீங்க எதுக்குத் திறக்கச் சொல்லுதீங்க? நீங்க படிச்சவிய. சொன்னா மட்டும் அவ எந்திரிச்சு நடக்கவா போறா?

வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. பிள்ளைய இங்கன கூட்டிட்டு வாங்க. கீழ வீடு சும்மாத்தான் கெடக்கு, வண்டி ஏறுததுக்குச் சாய்வாத் தளம் போட்டுத் தாரேன். மீனாட்சி குளிப்பாட்டி விடுவா, தலை சீவி விடுவா. எங்க கண்ணு மூடுத வரைக்கும் பாத்துக்கிடுதோம். அது ஒண்ணை மட்டும் கேக்காதீங்க.

அய்யாத்துரை


கோவில்பட்டி
14 மே 2025

அய்யாத்துரை அவர்களுக்கு,

துணிதானே என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்குக் கயிறும் நூல்தான்.

நீங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. ஆகவே ஆணையிட வேண்டியதில்லை. என்ன நேரும் என்று தெரியாமல் செய்தீர்கள். செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தும் செய்தீர்கள். இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்.

அவள் இரக்கப்பட்டு மூடியதை நான் திறக்கச் சொல்வதாகக் கேட்கிறீர்கள். அவள் மூடியது உங்களை. தன்மேல் பழியை எடுத்துப் போட்டுக்கொண்டு உங்களை மூடினாள். அந்த மறைவில் நீங்கள் சௌகரியமாக இருக்கிறீர்கள். அவள் அதற்கு வெளியே கிடக்கிறாள்.

பாலகணேஷ் வேறு வீட்டுக்கு மாறிவிட்டார். பிரிவதற்கான தாள்களை வழக்கறிஞர் மூலம் அனுப்பியிருக்கிறார். "எல்லாம் அவளா இழுத்துக்கிட்டது" என்ற ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவருடைய நியாயம் முழுவதும் நிற்கிறது. அந்த வாக்கியம் பொய் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

ஜூன் கடைசியில் செல்வியை அழைத்து வருகிறோம்; என் வீட்டுக்கு. வாசலில் சாய்தளம் போட்டாகிவிட்டது. உங்கள் கீழ்வீடு தேவைப்படாது.

உங்கள் மகன் உங்களை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்பது உங்கள் கவலை. என் மகளைக் கட்டியவன் அவளைக் குற்றவாளியாக வைத்துவிட்டுப் போகிறான் என்பது என்னுடையது. இந்த இரண்டையும் உங்கள் கையில் விட்டுவிட்டேன். இனி நினைவூட்டமாட்டேன்.

சுந்தரபாண்டியன்


புதியம்புத்தூர்
3 ஆகஸ்ட் 2025

சம்பந்தி,

சொல்லிட்டேன்.

மருமவ ஊருக்கு வந்துட்டான்னு கேள்விப்பட்டதும் மீனாட்சி பாக்கப் போவோம்னு ஒத்தக் கால்ல நின்னா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக? அன்னைக்குத்தான் மொதல்ல அவகிட்ட சொன்னேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி எனக்குச் சோத்தைப் போட்டு வச்சா, அவ திங்கலை. ரெண்டு நாள் அப்படியே. மூணாம் நாள் "அவங்கிட்ட சொல்லுங்க"ன்னு போனைக் கொண்டாந்து கையில தந்தா.

அளவு சரியாத்தான் வந்துச்சு, நான்தான் இறக்கச் சொன்னேன், உங்க மாமா வேண்டாம்னு எழுதியிருந்தாவ, அதையும் மீறித்தான் செஞ்சேன்னு எல்லாத்தையும் சொன்னேன். அவன் சத்தம் போடலை. "அம்மாவுக்குத் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டான். தெரியும்னேன். வச்சிட்டான்.

நேத்து மீனாட்சிகிட்டப் பேசியிருக்கான். தாளையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டானாம். டிக்கெட் போட்டுட்டானாம். நேரா உங்க வீட்டுக்கு வாரானாம். இங்கன வரமாட்டானாம்.

நீங்க கேட்டது நடந்துட்டு. அவுக ரெண்டு பேரும் சேந்து இருந்தாப் போதும். எனக்கு என் மகன் இல்லாமப் போனாலும் போகட்டும். மருமவகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. சொல்லப் பிடிக்கலேன்னா வேண்டாம்.

அய்யாத்துரை


கோவில்பட்டி
24 ஆகஸ்ட் 2025

திரு. அய்யாத்துரை அவர்களுக்கு,

உங்கள் மகன் வியாழக்கிழமை வந்தார். நடந்ததை நீங்கள் பிறர் வழியாகக் கேட்பதைவிட என் வழியாக அறிவது முறை என்பதால் எழுதுகிறேன்.

அவளுடைய நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு, "எனக்குத் தெரியாது செல்வி. நீதான் அளவைத் தப்பா எழுதுனேன்னு நெனச்சேன். இப்பத் தெரிஞ்சுட்டு, உம்மேல ஒரு தப்பும் இல்லை. கெளம்பு, போவோம்" என்றார்.

"மொதல்ல உக்காருங்க. நின்னா அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு" என்றாள்.

உட்கார்ந்தார்.

"நானே தப்பா எழுதியிருந்தேன்னு வைங்க. அப்ப?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"யோசிச்சே சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்லை, நான் எங்கயும் ஓடிப்போயிர மாட்டேன்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பும் அவள் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

அவர் யோசித்தார். ரேணுகாதேவி காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை கட்டியது. பிறகு, "இப்ப அதை எதுக்குப் பேசிக்கிட்டு" என்றார்.

"அந்தத் தாளை மறுபடியும் அனுப்பச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றாள் செல்வி. குரல் உயரவில்லை. "காபியைக் குடிங்க. அம்மா வருத்தப்படுவா" என்றும் சொன்னாள். குடித்தார்.

பழி இடம் மாறினால் அவர் திரும்பி வருவார் என்று நான் கணித்திருந்தேன். கணிப்பு தவறவில்லை. அப்படித் திரும்பி வருகிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பதை என் மகள் கணித்திருக்கிறாள். என்னிடம் சத்தியம் வாங்கியது உங்களைக் காப்பதற்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இந்தக் கேள்வியை அவரிடம் தான் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவும் இருந்திருக்கலாம். அவளிடம் நான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதாக அவளிடம் சொல்லிவிட்டேன். "மாமாவுக்குச் சுகர் மாத்திரை ஒழுங்காப் போடச் சொல்லுங்க" என்றாள். சம்பந்தியம்மாள் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னாள். எந்த நாளும் வரட்டும். நீங்கள் வர வேண்டாம். அது அவள் சொன்னதல்ல, நான் சொல்வது. உண்மையைச் சொன்னீர்கள் என்பதற்காக என் கோபம் குறையும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், குறையவில்லை. கேட்டு மூன்று மாதம் கழித்து, இன்னொருவர் தொலைபேசியைக் கையில் கொடுத்த பிறகு சொன்னீர்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. வந்தால் பிரிக்கமாட்டேன்.

உங்கள் மகனை நான்தான் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். மாலையில் செல்வி, "பஸ்ல அவியளுக்கு எடம் கெடைச்சுதா யப்பா?" என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். நான் நின்று பார்க்கவில்லை.

சுந்தரபாண்டியன்